பேய்க்குத் தடையில்லாச் சான்று

திருமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் முத்துமீனாவுக்கு ஒரு பேய்க்கதை தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, சர்வர் வேலை செய்யாத நேரத்தில் அது தோன்றியது. சர்வர் வேலை செய்திருந்தால் இந்தக் கதையில் வரும் எவருக்கும் எந்தத் தொந்தரவும் நேர்ந்திருக்காது.

சென்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கைரேகை வைக்கும் கருவி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, பிறப்பு, இறப்பு என்று மனிதருக்கு வேண்டிய தாளெல்லாம் அங்கே கிடைக்கும். முத்துமீனா பன்னிரண்டு வருடமாக வார இதழ்களில் வரும் பேய்க்கதைகளை ஒன்று விடாமல் படித்துவந்தவள். தானும் ஒன்று எழுதலாம் என்று அதுவரை நினைத்ததில்லை. அன்று தோன்றியதை, யாரோ தப்பாக நிரப்பிவிட்டுப் போட்ட விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதினாள்.

‘மாலை ஐந்தரை மணி. கம்ப்யூட்டர் சென்டரை மூடும் நேரம். ஒருவர் வந்து ஓர் இறப்புச் சான்றிதழின் எண்ணைச் சொல்லி நகல் கேட்கிறார். எடுத்துப் பார்த்தால், இறந்தவரின் பெயரும் முகவரியும் வந்தவருடையவை. இறந்த தேதி, நாளைய தேதி. அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பிரிண்டர் நிற்கவில்லை. அடுத்த தாள் வெளியே வந்துகொண்டிருக்கிறது.’

மாலையில் அவளுடைய கணவன் அழகுபாண்டி டீ குடிக்க வந்தான். நான்குவழிச் சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். அவனிடம் தாளை நீட்டினாள். படித்து முடித்த பிறகும் அவன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

“நல்லாருக்கா?”

“என்னத்த நல்லாருக்கு? நாளையிலருந்து அஞ்சு மணிக்கே கடைய அடச்சிட்டு வீட்டுக்கு வந்துரு.”

“நான் கதையப் பத்திக் கேட்டேங்க.”

“நானும் கதையப் பத்தித்தான சொல்றேன்.”

முத்துமீனாவுக்கு இது போதவில்லை. கட்டின புருஷன் சொல்வதெல்லாம் ஒரு கருத்தா? படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள் சொல்ல வேண்டும். அந்த வாரமே நாளிதழின் உள்பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. ‘மாமதுரை ஓய்வுபெற்ற அலுவலர் கதைக்கரு மதிப்பீட்டுப் பேரவை’ பயங்கரக் கதைக்கருக்களை வரவேற்றிருந்தது. ஒப்புதல் பெறும் கருக்கள் முழுக்கதையாகி ஆண்டுத் தொகுப்பில் அச்சேறும். கருத்துரை முற்றிலும் இலவசம். கரு சமர்ப்பிப்பவர் நான்கு பொன்னாடைகள் கொண்டுவர வேண்டும். கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது: ‘ஒப்புதல் பெறுமுன் முழுக்கதையை எழுதத் தொடங்குவது, அனுமதியின்றிக் கட்டடம் எழுப்புவதற்கு ஒப்பாகும்.’

முத்துமீனா அப்போது முதல் பக்கத்தை எழுதி முடித்திருந்தாள். அறிவிப்பைப் படித்ததும் அந்தப் பக்கத்தை மடித்துப் பிரிண்டருக்கு அடியில் மறைத்துவைத்தாள்.

பேரவை, வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூடியது. கீழே முகூர்த்தம் இருந்தால் மேலே பேசுவது கேட்காது. அதனால் பேரவையின் முக்கியமான முடிவுகள் எல்லாம் ஆடி, மார்கழி மாதங்களில் எடுக்கப்பட்டவை.

தலைவர் முத்திருளன், ஓய்வுபெற்ற வட்டாட்சியர். அவரும் திருமங்கலத்துக்காரர்தான். அன்று முத்துமீனா வந்த பேருந்திலேயே முன்சீட்டில் வந்திருந்தார். ஆனால் பேரவை தொடங்குமுன் கரு சமர்ப்பிப்பவரைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வது விதிக்கு முரணானது என்பதால் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். செயலாளர் சத்தியசீலன், மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். உறுப்பினர்கள் இருவர்: பத்திரப் பதிவில் சார்பதிவாளராக இருந்த அருள்பாண்டி, ஏதோ ஒரு நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவைப் பார்த்துவந்த சுந்தரம்மாள்.

முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இருபத்தேழு கேள்விகள். பேயின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி. பதினான்காவது கேள்வி: ‘இப்பேய் இதற்குமுன் வேறு கதையில் பணியாற்றியுள்ளதா? ஆம் எனில் முந்தைய ஆசிரியரின் தடையில்லாச் சான்று இணைக்க.’

“இல்லைன்னு போடலாமாங்கய்யா?” என்று கேட்டாள்.

“போடலாம்,” என்றார் சத்தியசீலன். “ஆனா இல்லைங்கிறதுக்குச் சான்று வேணும்.”

கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூல். கரு சமர்ப்பித்தவர் அதில் உட்கார வேண்டும். கருத்துரை நடக்கும்போது இரண்டே சொற்களைத்தான் பேசலாம்: ‘நன்றி’, ‘ஏற்கிறேன்’. முத்துமீனா உட்கார்ந்தாள். சத்தியசீலன் மணியடித்தார். முத்திருளன் எழுந்தார்.

“இங்க யாரையும் நாங்க சும்மா குறை சொல்றதில்லம்மா. முதல்ல பாராட்டுவோம். அப்புறம் குறை சொல்வோம். அப்புறம் மறுபடியும் பாராட்டுவோம். டிபன் கேரியர் முறைன்னு பேரு. மேல் அடுக்குல பாராட்டு, நடு அடுக்குல குறை, கீழ் அடுக்குல பாராட்டு. நான் கண்டுபிடிச்சது. வெளிநாட்டுலயும் இத இப்பப் பின்பற்றுறதாக் கேள்வி.”

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். முத்துமீனாவும் தட்டினாள். ஸ்டூலில் இருப்பவர் கைதட்டலாமா என்று சிறிது நேரம் விவாதித்து, தட்டலாம் என்று முடிவு செய்தார்கள்.

அருள்பாண்டி தொடங்கினார். “மேல் அடுக்கு. கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு.”

அது கம்ப்யூட்டரில் அடித்த தாள்.

“நன்றி,” என்றாள்.

“நடு அடுக்கு. செத்தவர் நேர்ல வர்றாருங்கிறீங்க. இதுல என்னம்மா புதுமை? என் சர்வீஸ்ல எத்தனையோ செத்தவங்க வந்து பத்திரம் முடிச்சுக் குடுத்திருக்காங்க. ஒருத்தர் செத்து ஒன்பது வருஷம் கழிச்சு வந்தார். மூணு பத்திரம். கைரேகை அம்புட்டுச் சுத்தமா விழுந்துச்சு. சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் செத்தவர்தான். நான் ஒரு நிமிஷங்கூடப் பயப்படல. பின்னாடி விசாரணை வந்துச்சு, அப்பத்தான் பயந்தேன். அதனால பேய எடுத்துட்டு விசாரணைய வைங்க. கீழ் அடுக்கு. தாளோட ஓரத்துல இடம் விட்டிருக்கீங்க. நல்ல பழக்கம்.”

“ஏற்கிறேன்.”

விதிப்படி அவள் எழுந்துபோய் அருள்பாண்டிக்குப் பொன்னாடை போர்த்தினாள். அடுத்து சுந்தரம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு மேல் அடுக்கு எதுவும் தோணல, அத விட்டுருவோம். ஏம்மா, நாளைக்குச் சாகப் போறவருக்கு இன்னிக்கே சான்றிதழா? எங்க ஆபீஸ்ல செத்து நாலு மாசம் ஆனாலும் குடுக்க மாட்டோம். ஒருத்தர் தன் அப்பாவோட சான்றிதழுக்கு நடந்து நடந்து, கடைசில அவர் மகன் வந்து ரெண்டு பேருக்கும் சேர்த்து வாங்கிட்டுப் போனான். இம்புட்டுச் சீக்கிரமாக் குடுக்க முடியும்னு சனங்க படிச்சிட்டா என்ன ஆகும்? நெனச்சாலே எனக்குப் பகீருங்குது. இந்தக் கதையில பயங்கரம்னா அது ஒண்ணுதான். அத எடுத்துருங்க.”

சத்தியசீலனுக்கு வேறு கவலை. “பேய் வந்து மாணவ சமுதாயத்துக்கு என்ன நீதி சொல்லுது? வருது, வாங்குது, போகுது. அஞ்சு நிமிஷம் நின்னு நேரந்தவறாமையப் பத்தி ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாம். நாளைக்குச் சாகப் போறவர் இன்னிக்கே வந்து தாள் வாங்குறார்னா, எம்புட்டுப் பெரிய பண்பு அது!”

கடைசியாகத் தலைவர். நடு அடுக்குக்கு வந்ததும் அவர் குரல் தழுதழுத்தது. “மூடுற நேரத்துல ஒரு ஆள் வந்தா என்ன சொல்லணும்? ‘நாளைக்கு வாங்க’ன்னு சொல்லணும். இந்தப் பொண்ணு சொல்லல. சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்? நாளைக்கு அந்த ஆள் செத்துப்போயிருப்பான். மனு தானா முடிஞ்சிருக்கும். முப்பத்து நாலு வருஷமா இப்படித்தாம்மா நான் கோப்பு முடிச்சேன். எம்மேசைல நிலுவைன்னு ஒரு தாள் கெடந்ததில்ல.”

நான்கு பொன்னாடைகளும் தீர்ந்தன. பிறகு இரண்டாம் படிவம் வந்தது. பெற்ற கருத்துரைக்கு அவள் மதிப்பீடு வழங்க வேண்டும். மூன்று கட்டங்கள் இருந்தன: ‘சிறப்பு’, ‘மிகச் சிறப்பு’, ‘வாழ்நாள் முழுதும் மறவேன்’. மூன்றாவதில் நான்கு டிக் போட்டாள். அது பொய்யில்லை.

திரும்பும் பேருந்தில் அவளுக்குத் தன்மேலேயே கோபமாக இருந்தது. இத்தனை பெரிய மனிதர்கள் சொல்லும்போது தனக்கு ஏன் ஒன்றும் விளங்கவில்லை? பன்னிரண்டு வருடம் படித்தும் பேய்க்கதை என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்துவிட்டோமோ?

மூன்றாம் நாள் பதிவுத் தபால் வந்தது. கருத்துரை கேட்டபோது அவளுடைய இடது புருவம் இருமுறை உயர்ந்ததாகவும், அதைச் சுந்தரம்மாள் குறிப்பேட்டில் பதிவு செய்திருப்பதாகவும், எனவே அவள் ‘பின்னூட்டம் பெறும் பயிற்சி’ ஒருநாள் முகாமில் பங்கேற்பது கட்டாயம் என்றும் அதில் இருந்தது.

“பின்னூட்டம்னா மாட்டுக்கு வைக்கிறதா?” என்று அழகுபாண்டி கேட்டான்.

“நமக்குத்தாங்க. நம்ம எழுதினதுக்கு அடுத்தவங்க கருத்து.”

“அதத்தான் அன்னிக்கே நான் சொன்னேன்ல? அஞ்சு மணிக்குக் கடைய அடைன்னு.”

“அது கருத்து இல்லைங்க. அது பயம்.”

“அப்ப அவுகள்ல யாரும் பயப்படலையா?”

“அந்த அம்மாவுக்குப் பகீருன்னுச்சாம். சீக்கிரமாச் சான்றிதழ் குடுத்ததுக்கு.”

பயிற்சியில் அவளோடு சேர்த்து ஆறு பேர். தலையை எவ்வளவு ஆட்டுவது என்று சத்தியசீலன் கற்றுக்கொடுத்தார். மேல் அடுக்குக்கு ஒருமுறை, நடு அடுக்குக்கு இருமுறை, கீழ் அடுக்குக்கு நாணத்துடன் ஒருமுறை. புருவத்தை அடக்க, நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, அது அசையாமல் பதினைந்து நிமிடம் குறை கேட்க வைத்தார்கள். முத்துமீனா முதல் வகுப்பில் தேறினாள். பயிற்சி எப்படி இருந்தது என்று கருத்துரை கேட்டார்கள். அந்தக் கருத்துரை எப்படி இருந்தது என்று அவர்கள் அவளுக்குக் கருத்துரை தந்தார்கள்.

அதன்பிறகு திருத்தங்கள் தொடங்கின. இரண்டாம் அமர்வில் ‘மாலை ஐந்தரை’ போய் ‘காலை பத்து’ வந்தது, மூடும் நேரத்தில் பொதுமக்களை அனுமதிப்பது தவறான முன்னுதாரணம் என்பதால். மூன்றாம் அமர்வில் பேய் ஆவணங்களோடு வந்தது. நான்காம் அமர்வில், தானே தன் சான்றிதழை வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்று அருள்பாண்டி கண்டுபிடித்தார். பேய்க்கு ஒரு வாரிசு நியமிக்கப்பட்டார். வாரிசு கதையில் வந்ததும் பேய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. ஐந்தாம் அமர்வில் அதை ஓய்வுபெற வைத்தார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் முத்துமீனா ‘ஏற்கிறேன்’ என்றாள். ஸ்டிக்கர் பொட்டு அசையவே இல்லை.

ஆறாவதாக நேரடிக் களஆய்வு. ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பேரவை வேனில் வந்து சந்து முனையில் இறங்கியது. சென்டரில் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். முத்திருளன் முத்துமீனாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அருள்பாண்டி டேப் வைத்து வாசலை அளந்தார்.

“ரெண்டரை அடி. பேய் நுழையப் போதுமா?”

“பேயை எடுத்துட்டீங்களேய்யா?”

“எடுத்தாலும் அளவு கோப்புல இருக்கணும்லம்மா.”

காத்திருந்தவர்களில் டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த காளை என்ற விவசாயி வாசலோரமாக நின்றிருந்தார். முத்திருளன் விரலை நீட்டினார். “ஏப்பா, நீ கொஞ்சம் பேயா நில்லு.”

“அய்யா, நான் சிட்டா எடுக்க வந்தவன்.”

“சிட்டா எடுக்கலாம். முதல்ல செத்தவனா உள்ள வா.”

காளை வெளியே போய் உள்ளே வந்தார். சரியில்லை என்றார்கள். மறுபடியும் வந்தார்.

“செத்தவன் இப்படிக் கும்பிட்டுக்கிட்டா வருவான்?” என்று கேட்டார் சத்தியசீலன்.

“அதிகாரிகளப் பார்த்தாக் கை தன்னால குவியுதுய்யா. செத்தாலும் குவியும்னுதான் நெனைக்கிறேன்.”

மூன்றாம் முறையும் கும்பிட்டபடியே வந்தார். ‘நேரடி ஆய்வில் பேய் பணிவுடன் நுழைந்தது. அச்சுறுத்தும் நோக்கம் எதுவும் புலப்படவில்லை’ என்று சுந்தரம்மாள் எழுதிக்கொண்டார். பிறகு பேரவை புரோட்டா சாப்பிடக் கிளம்பியது.

கூட்டம் குறைந்ததும் காளை கேட்டார். “தாயி, நான் என்ன பேயா வந்தேன்? எதுக்கு வந்தேன்? ஒண்ணும் வெளங்கலயே.”

முத்துமீனா சிட்டாவை எடுத்துக்கொண்டே பழைய கருவைச் சொன்னாள். ஐந்தரை மணி, நாளைய தேதி, நிற்காத பிரிண்டர். அவள் நிறுத்தியபோது காளை நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

“அப்பறம்?”

“அப்பறம் இன்னும் எழுதலண்ணே. அனுமதி வரணும்.”

“கத எழுதக்கூடவா அனுமதி? நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. பாதில நிப்பாட்டிட்டியே தாயி!”

அவளுடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். நான்காம் நாளே கூப்பிட்டார். “அனுமதி வந்துருச்சா?” வரவில்லை என்றாள். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டார். “வீட்டுல சொன்னேன். எம்பொண்டாட்டி இப்ப ரேசன் கடைல பில்லு வாங்கினாக்கூட ரெண்டு தடவ தேதியப் பாக்குறா. அப்பறம் என்னாச்சுன்னு கேட்டு என்னயப் பாடாப் படுத்துறா. கொஞ்சம் சீக்கிரம் பாரு தாயி.”

அந்தப் போன் வந்த நாட்களில் முத்துமீனாவுக்கு ஏனோ இனிப்புச் சாப்பிட்டது போலிருந்தது. ஆனாலும் காளை பேரவையின் உறுப்பினர் இல்லை. அவர் எந்த அடுக்கிலும் பேசவில்லை.

ஏழாம் அமர்வில் கருவுக்கு ஒப்புதல் கிடைத்தது. அது இப்போது இப்படி இருந்தது:

‘காலை பத்து மணி. கம்ப்யூட்டர் சென்டர் உரிய நேரத்தில் திறக்கப்படுகிறது. ஒரு குடிமகன் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வருகிறார். தேவையான ஆவணங்கள் அனைத்தும் அவரிடம் உள்ளன. சான்றிதழ் உடனே வழங்கப்படுகிறது. அவர் நன்றி கூறிச் செல்கிறார். பிரிண்டர் நிற்கிறது.’

ஒப்புதல் கிடைத்தது மட்டுமில்லை, பயங்கரக் கதைப் பிரிவில் அந்த ஆண்டின் முதல் பரிசும் அதற்கே. ஆண்டு விழாவுக்கு அழகுபாண்டியும் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். கீழே முகூர்த்தம் எதுவும் இல்லை. முத்துமீனா மேடையில், அதே ஸ்டூலில். முத்திருளன் மைக்கைப் பிடித்தார்.

“இந்தக் கருவ முதல்முறை முழுசாப் படிச்சப்ப எனக்கு உடம்பு நடுங்கிருச்சு. பொய் சொல்லல. ஒரு குடிமகன் வர்றான். எல்லா ஆவணமும் கையில இருக்கு. எல்லாம் சரியா இருக்கு. திருப்பி அனுப்ப ஒரு காரணங்கூட இல்ல! முப்பத்து நாலு வருஷத்துல இப்படி ஒரு நெலமைல நான் ஒருநாளும் மாட்டினதில்ல. அந்த இடத்துல நான் இருந்தா என்ன செஞ்சிருப்பேன்? யோசிச்சுப் பார்த்தேன். ராத்திரி தூக்கம் வரல.”

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்றவர்கள் பலர் கர்ச்சீப்பை எடுத்தார்கள். சுந்தரம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தியசீலன் மைக்கை முத்துமீனாவின் முகத்துக்கு நேராகத் திருப்பினார். அவள் ‘ஏற்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். சொன்னதும் கேடயம். பிறகு அந்தக் கருவை முழுக்கதையாக எழுதி ஒரு மாதத்தில் ஒப்படைக்க வேண்டும். தொகுப்பில் கதைக்கு இரண்டு பக்கம், பேரவையின் கருத்துரைக்குப் பதினான்கு பக்கம்.

அப்போது அவள் மடியில் இருந்த போன் அடித்தது. காளை. எடுக்காமல் விட்டால் அடித்துக்கொண்டே இருக்கும் என்று எடுத்தாள். மைக் பக்கத்தில் இருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

“தாயி, அனுமதி வந்துருச்சா?”

“வந்துருச்சுண்ணே.”

“அப்ப எழுதப் போறியா? அந்த ஆளு மறுநா செத்தானா இல்லையா?”

முத்துமீனா கையில் இருந்த தாளைப் பார்த்தாள். காலை பத்து மணி. குடிமகன். அதில் அந்த ஆளே இல்லை. காளையிடம் எந்த ஆளைப் பற்றிச் சொல்வது? கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பேர் இரண்டு மாதமாக ஒரு மனிதனுக்காகப் பயந்துகொண்டிருக்கிறார்கள். இவள் இங்கே அவனை ஓய்வுபெற வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய இரண்டு புருவங்களும் உயர்ந்தன. ஸ்டிக்கர் பொட்டு உதிர்ந்தது.

“எழுதப் போறேண்ணே. பழசத்தான் எழுதுவேன். எழுதிட்டு உங்களுக்குத்தான் முதல்ல வாசிப்பேன்.”

போனை வைத்துவிட்டு மைக்கைப் பார்த்துச் சொன்னாள். “ஏற்கலைங்கய்யா.”

பேரவையின் பதினோரு ஆண்டு வரலாற்றில் ஸ்டூலிலிருந்து மூன்றாவதாக ஒரு சொல் வந்ததில்லை. சத்தியசீலன் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

“அது எந்தப் படிவத்துலம்மா வருது?”

“எதுலயும் வரலைங்கய்யா. ஒண்ணு கேக்கணும். உங்க படிவத்துல இருபத்தேழு கேள்வி இருக்கு. படிச்சப்பப் பயமா இருந்துச்சான்னு ஒரு கேள்விகூட இல்லையே, ஏன்யா?”

கேள்வி நியாயமானது என்றும், இதை ஆராய மூவர் குழு அமைக்கலாம் என்றும் அருள்பாண்டி சொன்னார். நான்கு பேரில் எந்த மூவர் என்பதில் விவாதம் தொடங்கியது. முத்துமீனா இறங்கிப் போனதை யாரும் கவனிக்கவில்லை. குறிப்பேட்டில், ‘பரிசு பெற்றவர் மகிழ்ச்சி மிகுதியால் உரையாற்ற இயலாமல் மேடையை விட்டு அகன்றார்’ என்று பதிவாயிற்று.

தெப்பக்குளக் கரையில் அழகுபாண்டி மாங்காய்ப் பத்தை வாங்கிக் கொடுத்தான். “கேடயத்த மட்டுமாச்சும் வாங்கிட்டு வந்திருக்கலாம். கடைல வச்சிருப்பேன்,” என்றான். பிறகு அவனாகவே சிரித்தான்.

பதினொரு நாளில் கதை முடிந்தது. டோக்கனுக்கும் டோக்கனுக்கும் நடுவில், சர்வர் படுத்த நேரங்களில் எழுதினாள். அந்த மாதம் சர்வர் தாராளமாகப் படுத்தது. சொன்னபடி காளைக்குத்தான் முதலில் போனில் வாசித்தாள். அவர் மனைவியும் பக்கத்தில் இருந்து கேட்டாள். முடிந்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்து “அண்ணே?” என்றாள். “இருக்கோம், இருக்கோம்,” என்றார் காளை மெதுவாக. “கதவு தாழ்ப்பாப் போடப் போயிருக்கா. பட்டப்பகல்ல.”

வார இதழுக்கு அனுப்பினாள். ஏழாவது வாரம் நான்கு பக்கத்தில், ஒரு பிரிண்டர் படத்தோடு வந்தது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முத்துமீனா ஷட்டரைத் தூக்கும்போது சந்தில் முத்திருளன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் ஒரு சான்று எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு வந்திருந்தார்.

“வழக்கமா சாயந்தரம் வாக்கிங் போறப்பத்தான் எங்கயாச்சும் எடுப்பேன்,” என்றார். “இந்த வருஷம் காலைலயே முடிச்சிரலாம்னு.”

“உக்காருங்கய்யா. விரல வைங்க.”

வைத்தார். ‘கைரேகை பொருந்தவில்லை’ என்று திரையில் வந்தது.

“அப்படின்னா என்னம்மா அர்த்தம்?”

“நீங்க நீங்க இல்லைன்னு சொல்லுதுங்கய்யா. வயசானவங்களுக்கு ரேகை தேஞ்சிருக்கும். தொடச்சிட்டு வைங்க.”

வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். பொருந்தவில்லை. முத்திருளன் விரலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் முறை அவளே அவர் விரலைப் பிடித்து அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“ஆச்சுங்கய்யா. ஒரு நிமிஷம், பிரிண்ட் குடுத்துடுறேன்.”

பிரிண்டர் உறுமத் தொடங்கியது. அவள் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. முத்திருளன் சந்து முனையைத் தாண்டி, மெயின் ரோட்டையும் தாண்டி, எதிரே இருந்த டீக்கடையில் நின்றிருந்தார்.

தாளை எடுத்துக்கொண்டு அவளே ரோட்டைக் கடந்து போனாள். நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

“தேதி என்னம்மா போட்டிருக்கு?”

“இன்னிக்குத் தேதிதாங்கய்யா.”

“பேரு?”

“உங்க பேருதான். உயிரோட இருக்கீங்கன்னு போட்டிருக்கு.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

அவள் முழுத் தாளையும், கீழே இருந்த எண் வரைக்கும் வாசித்துக் காட்டினாள். முத்திருளன் ஒரு மடக்கு டீ குடித்தார். தொண்டையைச் செருமினார். பேரவைக் குரல் மெல்ல அவருக்குத் திரும்பி வந்தது.

“பத்திரிகைல வந்த உன் கதையப் படிச்சேன்.”

“எப்படிங்கய்யா இருந்துச்சு?”

“நடை பரவாயில்ல. ஆனா பயங்கரம் போதாது,” என்றார் அவர். “அந்தத் தாள அந்தப் பெஞ்சு மேல வச்சிட்டுப் போம்மா. நீ போனப்பறம் எடுத்துக்கிறேன்.”